எட்டாவது மாவட்டம்

எங்கள் மாநில அமெச்சூர் ஹாக்கி சங்கத்தின் தலைமை அலுவலகத்தைத் தேடி வருகிறவர்கள் முதலில் என் ஜெராக்ஸ் கடைக்குத்தான் வருவார்கள். நான் எதிர்ப்பக்கம் கையைக் காட்டுவேன். அங்கே ஒரு தையல்கடை இருக்கும். இந்த ஆள் நம்மைக் கிண்டல் பண்ணுகிறானோ என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். "தையல்கடைக்குள்ள போங்க. பின்னாடி ஒரு ரூம் இருக்கும். அதுதான் மாநிலம்" என்பேன்.

அந்தப் பின்னறையில் இரண்டு இரும்பு பீரோ, சுருட்டிச் சாத்திய கோல் வலை, சாக்கு நிறையப் பந்து, ஆணியில் தொங்கும் கோல்கீப்பர் பேடுகள். வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் வியர்வை நாற்றம் ஆளைத் தள்ளிவிடும். செக்ரட்டரி காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கிறவர். இரண்டரைக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் சங்கத்து ஃபைலைத் திறந்துவிடுவார். தையல்காரர் அவர் கணவர். ஜெர்சி தைப்பது, கிழிந்த பேடுக்கு ஒட்டுப் போடுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வதெல்லாம் அவர் இலாகா. தலைவர் கோழிக்கடை வைத்திருக்கிறார். எழுத்து வேலை என் தலையில். சங்கத்துக்காக நான் அடித்த கடிதங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும்.

செக்ரட்டரி பொறுப்பேற்றபோது ஐந்து மாவட்டங்களில்தான் ஹாக்கி இருந்தது. வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளில் பஸ் ஏறிப் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நின்று, அதை ஏழாக்கினார். நான் வாய்த்துடுக்குக்காரன்தான், ஆனால் இதில் கிண்டல் பண்ண ஒன்றுமில்லை. சேர்ந்த அந்த இரண்டும் அந்த அம்மாவின் கால் தேய்ந்து வந்தவை. எட்டாவது மட்டும் அப்படி வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தேசியச் சங்கம் ஒரு விதி போட்டது. எட்டு மாவட்டம் இல்லாத மாநிலத்துக்கு அங்கீகாரம் இல்லை. கெடு பத்தே நாள். கடலோரத்து உப்பள மாவட்டத்தில் ஒரு டிரில் மாஸ்டர் ஐந்து பெண்களின் பெயரைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இன்னும் ஆறு பேர் வேண்டும். செக்ரட்டரி விளையாட்டை விட்டுப்போன ஐந்து பெண்களின் பெயரைச் சொன்னார், நான் அடித்தேன். பதினொன்றாவதுக்கு ஆள் கிடைக்கவில்லை. "அண்ணே, நம்ம பொண்ணு பேரைப் போடுங்க" என்றார். போட்டேன். ஐந்து நாள் கழித்து எங்கள் ஊர் மாவட்டப் பட்டியலிலும் அதே பெயரை அடித்தேன். இதே விரல்கள்தான்.

செக்ரட்டரியின் அந்த மகளை எல்லாரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். கோலில் நின்றால் கதவைச் சாத்திப் பூட்டின மாதிரி இருக்கும். இருபது வயது. ஜூனியர் மாநில அணிக்கு ஆட இந்த வருடம்தான் கடைசி. போன வருடம் அவள் விரலை உடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அதற்கு முந்தின வருடம் அவளைவிட மூத்த கீப்பர் ஒருத்தி இருந்தாள். அதனால் இந்த வருடத்துக்காகவே காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடினாள். தினமும் என் கடை ஷட்டரைத் தட்டிவிட்டு ஓடுவாள். என்னை எழுப்புவதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சங்கத்தின் மின்னஞ்சல் என் கம்ப்யூட்டரில்தான் வரும். அன்றைக்குக் கடையைத் திறந்ததும் பார்த்தேன். தேசியச் சங்கம் பழைய பட்டியல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாம். பிறப்புச் சான்றிதழ் எண்ணை வைத்துச் சோதித்ததில் ஒருவர் இரண்டு மாவட்டங்களில் இருக்கிறாராம். விதிப்படி முதல் பதிவு செல்லும், இரண்டாவது ரத்து. பூட்டு இனிமேல் எட்டாவது மாவட்டத்தின் வீராங்கனை. கூடவே இன்னொன்று: தொடர்ந்து மூன்றாவது வருடமும் மாநிலப் போட்டிக்கு வராத மாவட்டம் நீக்கப்படும். எட்டாவது மாவட்டம் இரண்டு வருடமாக வரவில்லை. "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று இரண்டு கடிதங்களையும் அடித்தவன் நான். மாவட்ட அணியில் வந்து ஆடினால்தான் மாநில அணிக்குத் தேர்வு; பூட்டுக்கு இப்போது அணியே இல்லை.

மூன்று மணிக்குப் பின்னறையில் எல்லாரும் கூடினோம். செக்ரட்டரி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். தலைவர் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, "இதுக்கு ஏம்மா இவ்வளவு யோசனை? ஜெராக்ஸ்காரர் தப்பா அடிச்சுட்டாருன்னு ஒரு லெட்டர் போட்டுடுவோம்" என்றார்.

"ஆமா, நான் ஒருத்தன் கிடைச்சேன்" என்றேன்.

"அப்படிச் சொன்னா அந்த லிஸ்ட்டே போயிடும்" என்றார் செக்ரட்டரி. "எட்டு, ஏழாயிடும். ஏழுன்னா சங்கமே இல்லை. தேசியப் போட்டிக்குப் பதினெட்டு பொண்ணுங்க போகணும். அத்தனை பேரையும் என் கையால நிறுத்தச் சொல்றீங்களா?"

வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்த பூட்டு கேட்டாள். "அப்போ நான் ஒருத்தி நின்னா போதும். அப்படித்தானேம்மா?"

முன்கடையில் தையல்காரர் துணியே வைக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா நீ? வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்குன்னு வாடகைக்கு விட்ட மாதிரி என் பேரை விட்டிருக்கியே."

"கேக்கல. கேட்டிருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொன்னாலும் சாக்குதான் சொல்லுவேன். தப்பு என்னோடது."

பூட்டுக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் எழுந்து போகப் பார்த்தார். செக்ரட்டரி அவரை உட்காரச் சொன்னார்.

"போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கு. எட்டாவது மாவட்டத்துல நிஜமாவே ஒரு டீம் இருந்துட்டா யாரும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். இவளும் ஆடலாம்."

"ஒரு கோழிக்குஞ்சு வெளியே வரவே இருபத்தோரு நாள் ஆகும்மா" என்றார் தலைவர்.

"கோழிக்கு அவசரமில்லை. நமக்கு இருக்கு. ஞாயித்துக்கிழமை உங்க வேனைக் குடுங்க."

தலைவரின் வேனில் எவ்வளவு கழுவினாலும் இறகு போகாது. உப்பளத்தில் போய் இறங்கியபோது எங்கள் நான்கு பேரின் தலையிலும் இறகு. செக்ரட்டரி, பூட்டு, நான், வண்டி ஓட்டிய தலைவர். கண்ணுக்கு எட்டின தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளை. வெயில் மேலிருந்து ஒரு பங்கு, தரையிலிருந்து ஒரு பங்கு அடித்தது. பெண்கள் நீளமான கம்பு மாட்டிய பலகையால் உப்பை வாரிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பை மடக்கி, முழங்காலை வளைத்து, தலையை மட்டும் நிமிர்த்தி. பூட்டு அதுவரை வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் முதலில் சொன்னாள்: "அம்மா, அவங்க குனியறதைப் பாரேன்."

ஊரில் பயிற்சிக்கு வரும் பெண்களிடம் செக்ரட்டரி வருடம் முழுக்கக் கத்துவது அந்த ஒரே சொல்தான். குனி, குனி, குனி. இவர்கள் பொழுது விடிந்ததிலிருந்து குனிந்தபடியே நிற்கிறார்கள்.

பதினொன்றரைக்கு வேலை நின்றது. ஓலைக் கொட்டகைக்குள் பெண்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள். சோறும் வறுத்த மீனும். எங்களுக்கும் மூடியில் வைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் உள்ளங்கால்களில் உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்புகள் வெளுத்துக் கிடந்தன. நெட்டை என்று அவர்கள் கூப்பிட்ட பெண்தான் பேசினாள். பத்தொன்பது வயதிருக்கும். செக்ரட்டரி பட்டியலை எடுத்து ஐந்து பெயரையும் படித்தார். இரண்டாவது பெயர் அவளுடையது.

"ஓ, அந்த போட்டோவா?" என்று சிரித்தாள். "டிரில் மாஸ்டர் கூப்பிட்டு நிக்க வெச்சாரு. ஆளுக்கொரு குச்சி குடுத்தாரு. ஒருத்திகிட்ட பந்தும் இருந்துச்சு. போட்டோ எடுத்து முடிச்சதும் குச்சியைத் திரும்ப வாங்கிட்டாரு. அடுத்த மாசம் மாத்தலாகிப் போயிட்டாரு."

"அப்புறம் யாரும் வரலையா?"

"யாரு வந்தா? ரெண்டு வருஷமா எங்க பேர்ல ஒரு டீம் இருக்குன்னு இப்போ நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியுது."

செக்ரட்டரி கையிலிருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "அந்தக் குச்சி எங்க சங்கத்துக் குச்சிதான்மா. திருப்பி அனுப்பச் சொன்னது நான்தான். ஸ்டாக்கு குறையுதேன்னு சொன்னேன்" என்றார். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னார். எட்டு எண்ணிக்கைக்காகப் பெயரைப் போட்டது, மகள் பெயரையும் சேர்த்தது, இப்போது மாட்டிக்கொண்டது, எல்லாம். எனக்கே கூச்சமாக இருந்தது. இதையெல்லாமா இவர்களிடம் சொல்வது என்று நினைத்தேன். ஆனால் சொல்லச் சொல்ல அந்தப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

நெட்டை பூட்டைப் பார்த்தாள். "ஆக, இவங்க ஆடணும்னா நாங்க வேணும்."

"ஆமா" என்றாள் பூட்டு. "பொய் சொல்லல. எனக்காகத்தான் வந்தோம்."

"எங்களுக்கு என்ன?"

பூட்டு கொஞ்சம் யோசித்தாள். "தோப்போம். நல்லா தோப்போம். ஆனா நான் இங்கேயே வந்து தங்கி உங்களுக்குத் தெரியுற வரைக்கும் சொல்லித் தருவேன்."

கொட்டகையே சிரித்தது. "வந்து ஜெயிப்போம்னு சொல்லியிருந்தா வேனோட அனுப்பியிருப்பேன்" என்றாள் நெட்டை. "ஒரே ஒரு கண்டிஷன். ஆட்டம் முடிஞ்சதும் குச்சியைத் திரும்பக் கேக்கக் கூடாது."

பூட்டு மறுநாளே பேடையும் துணிமணியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நெட்டை வீட்டில் தங்கினாள். காலையில் அவர்களோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரினாளாம். இரண்டாம் நாளே காலில் கொப்புளம். சாயங்காலம் நான்கு மணிக்கு, உப்பெடுத்து முடிந்து காய்ந்து கிடந்த பெரிய பாத்தியில் பயிற்சி. எங்கள் ஊரில் அப்படியொரு சமதளம் கிடையாது. பந்து தண்ணீர்மேல் போவதுபோல் வழுக்கிப் போகும். செக்ரட்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணிக்கு லேபிலிருந்து நேராக பஸ் ஏறி, பத்து மணிக்குமேல் வீடு திரும்புவார். தையல்காரர் பதின்மூன்று ஜெர்சி தைத்தார். மாவட்டத்தின் பெயரை நெஞ்சில் போடுவதா முதுகிலா என்று என்னோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். நெஞ்சில்தான் என்று அவரே முடிவு செய்தார். பின் எதற்கு என்னைக் கேட்டாரோ.

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களை வேலை வாங்குகிற உப்பள மேஸ்திரி மட்டும் பிடி கொடுக்கவில்லை. "சீசன்ல மூணு நாள் ஆள் இல்லாம நான் என்ன பண்றது? வேணும்னா மழை வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். போட்டிக்கு முந்தின நாள் மதியம், நாங்கள் வேனோடு அங்கே போய் நின்றபோது, வானம் இருண்டு கொட்டித் தீர்த்தது. வாரிக் குவித்திருந்த உப்பு பாதி கரைந்துபோனது. நான் அவசரப்பட்டு, "நல்லவேளை, மழை வந்துச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். நெட்டை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கு டீம் வந்துச்சு மாமா. எங்களுக்குப் பதினஞ்சு நாள் வேலை போச்சு." நான் வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

முதல் ஆட்டத்தில் பதினொன்றுக்குப் பூஜ்யம். அழகுபடுத்திச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிப் பேருக்கு ஷூ பெரிது, பாதிப் பேருக்குச் சிறிது. எல்லாம் இரவல். இடைவேளையில் நான்கு பேர் ஷூவைக் கழற்ற, நடுவர் போடச் சொல்ல, மறுபடி போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் அவர்களைப் பார்த்து, "பன்னெண்டு வரும்னு நினைச்சேன், பதினொண்ணுதான். தேறிட்டோம்" என்றார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டாவது ஆட்டத்தில் வாங்கியது நான்கு கோல். மூன்றாவது எங்கள் ஊர் மாவட்டத்தோடு. பூட்டு எட்டு வருடமாக யாரோடு பயிற்சி செய்தாளோ அவர்களே எதிரே. வலது பக்கம் அவள் கொஞ்சம் மெதுவாகத்தான் பாய்வாள் என்று அவர்களுக்குத் தெரியும். பந்து வந்துகொண்டே இருந்தது. பூட்டு காலால் உதைத்தாள், நெஞ்சில் வாங்கினாள், குப்புற விழுந்து குச்சியால் தள்ளினாள். பெனால்டி கார்னர் என்றால் உப்பளத்துப் பெண்கள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்தார்கள். வரிசையாகக் குனிந்து, குச்சியைத் தரையோடு தரையாக வைத்து, பலகையால் உப்பு இழுக்கிற அதே குனிவு. பந்து உள்ளே போக இடமில்லை. "நெட்டை, இடப்பக்கம்! குனி! குனி!" என்று பூட்டு கத்துவது மைதானத்துக்கு வெளியே கேட்டது. அவள் அம்மாவின் அதே குரல்.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. அடித்தது பூட்டின் நெருங்கிய சிநேகிதி. அடித்துவிட்டு அவள்தான் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப்பின் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக். கோலுக்கும் பந்துக்கும் நடுவே பூட்டு ஒருத்திதான். அவள் அந்த மெதுவான வலது பக்கமே பாய்ந்து தட்டிவிட்டாள். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்ற பன்னிரண்டு பெண்களும் ஓடிவந்து அவள்மேல் விழுந்ததில், அவள் எழுந்திருக்க நேரமானது.

தேர்வுக்குழு அறைக்குள் செக்ரட்டரி போகவில்லை. மகள் பெயர் வருகிற இடத்தில் தாய் இருக்கக் கூடாது என்று அறைச் சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர்கள் மூன்று பேரும் வெளி மாநிலத்து ஆட்கள்.

அதற்குள் நான் ஒரு காரியம் பண்ணினேன். வேனில் சாமான் ஏற்றும்போது, பல வருடப் பழக்கம், சாக்கை விரித்துக்கொண்டு பெண்கள் முன்னால் போய் நின்றேன். "குச்சியெல்லாம் இதுல போடுங்க" என்றேன். நெட்டை கையிலிருந்த குச்சியை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாக்குக்குள் வைத்தாள். அடுத்தவளும் குனிந்தாள். செக்ரட்டரி டிரம் பக்கத்திலிருந்து ஓடிவந்து என் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கி, குச்சியை வெளியே எடுத்து நெட்டையின் கையிலேயே திணித்தார். "அண்ணே, உங்களுக்குக் கொஞ்சமாவது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

பட்டியல் மறுநாள் காலை ஒட்டிய உறையில் என் கடைக்கு வந்தது. நான் அடித்து, தலைவர் கையெழுத்துப் போட்டு, அனுப்ப வேண்டும். உறையைப் பிரித்தேன். கோல்கீப்பர்கள் இரண்டு பேர். முதல் பெயர் வேறு ஒருத்தி. இரண்டாவது பூட்டு. பெயருக்கு எதிரே மாவட்டம் என்று ஒரு கட்டம். அதில் எங்கள் ஊர் இல்லை.

ஷட்டரைக்கூட இறக்காமல் லேபுக்கு ஓடினேன். வரிசையில் இருபது பேர். செக்ரட்டரி ஒரு கிழவரின் கையில் ஊசி வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். குழாய் நிரம்புகிறவரை ஊசியை அசைக்கவில்லை. பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிங்க ஐயா, விடாதீங்க" என்றார். அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டா" என்றேன். "ரெண்டாவது கீப்பர்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எந்த மாவட்டம்னு போட்டிருக்கு?"

"எட்டாவது."

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். புதிதாக ஒன்றை மாட்டப் போனவர் நின்றார். "அண்ணே, பழைய மாவட்டத்துக்கே திரும்புறதுக்கு ஒரு ஃபாரம் அடிச்சு வெக்கச் சொல்லியிருந்தேனே. தேசியப் போட்டி முடிஞ்சதும் அவ எங்க ஆடணும்னு அவளே முடிவு பண்ணட்டும். இந்தத் தடவை அவகிட்ட கேட்டுட்டுத்தான் செய்வேன்."

"உங்க பொண்ணு விடியக்காலையிலேயே ஷட்டரைத் தட்டி எழுப்பி அதை வாங்கிட்டா" என்றேன். "பின்பக்கம் வெள்ளையா இருக்குன்னு அங்கேயே உக்காந்து எழுதி, உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டு உப்பளத்துக்கு பஸ் ஏறிட்டா. பட்டியல் வர்ற வரைக்கும் இருடின்னேன். பேர் வந்தாலும் வராட்டாலும் சாயங்காலம் பயிற்சி உண்டுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்காளாம். மழைத் தண்ணி நிக்காத மேடு ஒண்ணு இருக்காம்."

காகிதத்தை நீட்டினேன். முன்பக்கம் நான் அடித்த மாற்றுப் படிவம், கையெழுத்துக் கோடு காலியாக. பின்பக்கம் பூட்டின் கோணல் எழுத்தில் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஷூ அளவு.

செக்ரட்டரி கடைசி வரி வரைக்கும் படித்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். காகிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, புதுக் கையுறையை மாட்டினார்.

"நெட்டைக்கு ஏழுன்னு எழுதியிருக்கா. ஏழு பத்தாது, எட்டு வேணும். நான் அவ காலைப் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடுத்தது யாரு? வாங்க."